பச்சிளங் குழந்தைக்கு வேண்டுவன யாவை?

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் சார்பில் நிகழ்த்திய உரை)



"பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தெரியும்?" என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மம்மாமாரும் அப்பம்மாமாரும் மனத்துக்குள் சிரிப்பது எமக்குப் புரிகின்றது. கேள்வி நியாயமானதே. எம்முடையவை தொட்டிலாட்டிப் பழகிய கைகள் அல்ல. புத்தகம் புரட்டிப் பழகியவை. ஆயினும் எம்மினும் இரண்டொரு வயது மூத்த அக்காமாரும் அண்ணன்மாரும் ஒவ்வொருவராகப் பெற்றோராகி வருகின்றனர். அவர்களுடைய வீடுகளிலே கண்ட காட்சிகளே எம்மை இம்மேடைக்கு அழைத்து வந்தன.

அவற்றுள் ஒன்றை மட்டும் சொல்லுகின்றோம். இந்த வத்தளையிலே, சிறிய அனெக்ஸ் ஒன்றில் வாழும் இளந்தம்பதியர். தாயின் அம்மா ஊரில் நோயாளி. தந்தையின் பெற்றோர் கடல் கடந்த நாட்டில். முதற்பிள்ளை பிறந்தது. பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது என்ற அன்பினாலே, தாயின் காப்பு இரண்டை ஈடு வைத்து, மரக் கட்டில், தள்ளுவண்டி, அரைடசின் பாற்போத்தல்கள், அவற்றை அவிக்கும் மின்சாதனம், மெத்தென்ற தலையணைகள் என்று வாங்கி அறையை நிரப்பினார்கள். மூன்றாம் வாரம் நாம் பார்க்கச் சென்றபோது தள்ளுவண்டி கதவுக்குப் பின்னே நின்றது. கட்டிலிலே மடித்த உடுப்புகள் உறங்கின. பிள்ளை தாயின் மடியிலே அழுதது, தாயும் அழுதுகொண்டிருந்தாள். அவள் அன்று மதியம்வரை ஒன்றும் உண்டிருக்கவில்லை. சமைக்க ஆளில்லை.

அறை நிறையப் பொருள் இருந்தது. உதவிக்கு ஒரு கை இருக்கவில்லை. சபையோரே, இன்று நாம் சொல்ல வந்தது இவ்வளவே: பச்சிளங் குழந்தைக்கு வேண்டிய பொருள்கள் மிகச் சில, வேண்டிய கைகளோ பல. பொருளை எண்ணி வாங்குவோம். கைகளை எண்ணாமற் கொடுப்போம்.

எமது பெரியோர் இதனை அறியாதவரல்லர். பிள்ளை பிறக்குமுன் ஒன்றும் வாங்கிவைக்கக்கூடாது என்பது நம் வீடுகளின் வழக்கம். அதனை மூடநம்பிக்கை என்று நகைக்கும் இளைஞரும் உளர். அவ்வழக்கத்தினால் விளைந்த நன்மை ஒன்றையும் பாருங்கள். பிள்ளை பிறந்த பின்னரே தேவை தெரிந்தது. தேவை தெரிந்த பின்னரே காசு செலவாயிற்று. அம்மம்மாவின் பழைய நூற்சேலையும் அப்பப்பாவின் தோய்த்துத் தோய்த்து மெதுமையான வேட்டியும் கிழித்து வைக்கப்பட்டன. அவைதாம் பிள்ளையின் முதலுடை. பலமுறை தோய்த்த பருத்தியைவிட அம்மென்தோலுக்கு ஏற்ற துணி இன்றும் கடையில் இல்லை.

கந்தபுராணக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சரவணப் பொய்கையிலே தோன்றிய முருகக் குழந்தைக்குத் தாமரையே படுக்கை. ஆனால் பாலூட்டி வளர்க்க வந்த கார்த்திகைப் பெண்களோ அறுவர்! நாம் படித்த மிஷன் பாடசாலையிலே ஆண்டுதோறும் மார்கழியில் இயேசு பிறப்பு நாடகம் நடக்கும். அங்கும் துணியிற் சுற்றிய குழந்தை மாட்டுத் தொழுவத்தின் தீவனத் தொட்டியிலே கிடத்தப்பட்டது. இரு சமயத்தாரும் தெய்வக் குழந்தையை எளிமையிலேதான் கண்டனர். அதனைச் சூழ்ந்து நிற்கும் மனிதரையே பெரிதாகக் கண்டனர்.

நிற்க. வேண்டும் பொருள்கள் யாவை என்று இனிப் பார்ப்போம். முதல் மூன்று மாதத்திற்கு எமது கணக்கு இது.

முன்பக்கம் நாடாவால் முடியும் பருத்திச் சட்டை ஆறு. துணி நாப்பி இரண்டு டசின். கொழும்பு மழையிலே கொடித்துணி இரண்டு நாளானாலும் உலராது என்பதனாலேயே இத்தனை. இரவுக்கோ பயணத்துக்கோ கடையில் விற்கும் பம்பர்ஸ் சில வைத்திருப்பதில் குற்றமில்லை. அவற்றை நாள்முழுதும் மாற்றாது விடுவதே குற்றம். போர்த்தவும் விரிக்கவும் நூல் விரிப்பு நான்கு, துவாய் இரண்டு, குளிப்பாட்ட ஒரு பேசின், மணமில்லாத மெதுவான சவர்க்காரம் ஒன்று, காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி ஒன்று. படுக்கைக்கு உறுதியான, சமமான மெத்தை ஒன்று. அதன்மேல் ஒரு நுளம்பு வலை.

நுளம்பு வலையைக் கடைசியாகச் சொன்னதால் அதனைச் சிறிதென்று எண்ணவேண்டாம். 2017 ஆம் ஆண்டிலே இலங்கையில் 1,86,000 பேருக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாற் பீடிக்கப்பட்டனர்; கொழும்பு, கம்பஹா மாவட்டங்கள் மிகவும் பாதிக்கப்பட்டவற்றுள் அடங்கும். டெங்கு நுளம்பு பகலிலே கடிப்பது. ஆதலின் பகலுறக்கத்திற்கும் வலை வேண்டும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் முதற் பருவத்துக்குக் காப்பு என்று பெயரிட்டனர். பிள்ளைக்கு முதலில் வேண்டியது அணியன்று, காவல் என்பதனை அப்பெயரே உணர்த்துகின்றது. இக்காலத்தில் அந்தக் காவலின் ஒரு பகுதியை வலை செய்கின்றது.

உணவோ எனில், முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் ஒன்றே போதும். தண்ணீரும் வேண்டா என்பது உலக சுகாதார நிறுவனத்தினதும் எமது சுகாதாரத் திணைக்களத்தினதும் அறிவுரை. பிறந்து ஒரு மணி நேரத்திற்குள் ஊட்டத் தொடங்குவது நன்று. பால் போதுமோ என்ற ஐயமே இளந்தாயை வாட்டுவது. முதல் வாரம் கழிந்தபின் பிள்ளை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, நிறையும் கூடி வந்தால் பால் போதுகின்றது என்று கொள்க. 2022 இல் பால்மாவுக்காக நம்மவர் நின்ற வரிசைகளை நாம் மறந்துவிடவில்லை. தாய்ப்பாலுக்கு வரிசையில்லை, விலையேற்றமும் இல்லை. ஆனால் அத்தாய்க்கு உணவும் உறக்கமும் வேண்டும். உண்மையாகவே ஊட்ட இயலாத தாய்மாரும் உளர். அவர்கள் வைத்தியரின் சொற்படி நடக்கட்டும். அவர்களைக் குறைகூற ஒருவருக்கும் உரிமையில்லை.

வேண்டாதன எவை? தலையணையும் பஞ்சுப் பொம்மையும் உறங்கும் பிள்ளையின் அருகே வேண்டா, மூச்சை அடைக்கக்கூடும். பிள்ளையை மல்லாந்து கிடத்துவதே பாதுகாப்பு. ஏணை எமது மரபு. கண்ணெதிரே வைத்து ஆட்டி, அழுகை ஆற்றலாம். இரவு நெடுந்துயிலுக்கோ சமதளமே நன்று. ஏணையிலே கழுத்து மடிந்து நாடி நெஞ்சிலே படிய இடமுண்டு. பவுடரை மூச்சோடு உள்ளிழுத்தல் தீது. கண்ணுக்கு இடும் மைகள் சிலவற்றில் ஈயம் கலந்திருக்கக் கண்டுள்ளனர். ஆதலின் மையை விட்டுவிடலாம். தொப்புட்கொடியின்மேல் ஒன்றும் பூசாது உலர்வாக வைத்தலே போதும். ஒரு வயது நிறையுமுன் தேன் நாவில் தடவுதல் கூடாது. அதனால் வரும் நஞ்சுநோய் அரிதாயினும் கொடியது. நடைவண்டி பின்னர் வருவதெனினும் அன்பளிப்பாக முன்னரே வந்துவிடும். சில்லுப் பூட்டி, நடுவே பிள்ளையை இருத்தும் அவ்வண்டியினால் நேர்ந்த விபத்துகள் கண்டு கனடா தேசம் 2004 இல் அதன் விற்பனையைத் தடைசெய்தது.

பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். தேனையும் மையையும் விடச் சொல்லும் நாமே, முப்பத்தொரு நாள் துடக்கைக் காக்கச் சொல்லுகின்றோம். தீட்டு என்ற பொருளில் அன்று; ஓய்வு என்ற பொருளில். அந்நாள்களில் தாய் அடுப்படிக்குச் செல்லவில்லை. கிணற்றில் நீர் அள்ளவில்லை. சரக்குக் கறியும் சோறும் அவள் இருந்த இடம் தேடி வந்தன. இன்று வெள்ளவத்தையின் அடுக்குமாடியிலும் கொட்டாஞ்சேனையின் ஒழுங்கையிலும் வத்தளையின் அனெக்ஸிலும் துடக்கு என்ற சொல் எஞ்சியிருக்கின்றது, ஓய்வு போய்விட்டது.

பொருளினால் அன்று, மனிதரின் தொண்டினாலேயே குழந்தைகள் பிழைத்தனர் என்பதற்கு எமது நாட்டின் வரலாறே சான்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், பிரசவ மருத்துவ நூலொன்றை 1857 இலேயே தமிழில் வெளியிட்டார். 1879 இல் கொழும்பிலே டி சொய்சா பிரசவ மனை திறக்கப்பட்டது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. மருத்துவமாது வீடு தேடிச் செல்லும் முறை அதன்வழி நாடெங்கும் பரவிற்று. மலேரியா நாட்டை அழித்த 1935 இல், பிறந்த குழந்தைகள் ஆயிரத்தில் 263 பேர் ஓராண்டு நிறையுமுன் மாண்டனர். இன்று அத்தொகை ஆயிரத்துக்குப் பத்துக்கும் குறைவு. இவ்வெற்றியைத் தந்தவை தள்ளுவண்டிகள் அல்ல. படி ஏறி வந்த மருத்துவமாதும், இலவச வைத்தியசாலையும், தடுப்பூசியும், எழுத்தறிந்த தாயுமே.

பிறநாட்டார் அனுபவமும் இதுவே. பின்லாந்து அரசாங்கம் 1938 முதல் வறிய தாய்மாருக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் ஒரு பெட்டி வழங்கி வருகின்றது. சட்டைகளும் விரிப்புகளும் சிறு மெத்தையும் கொண்ட அந்த அட்டைப் பெட்டியே பல குழந்தைகளுக்கு முதற் படுக்கையுமாயிற்று. செல்வர் பிள்ளைக்கும் ஏழை பிள்ளைக்கும் ஒரே பெட்டி! அதைப் பெற ஒரு நிபந்தனை உண்டு: கர்ப்பகாலத்தின் முதல் மாதங்களிலேயே தாய் வைத்தியப் பரிசோதனைக்கு வரவேண்டும். பெட்டியைக் காட்டி மருத்துவத்திடம் அழைத்ததே அதன் நுட்பம். தென்னமெரிக்காவில் கொலம்பிய நாட்டின் பொகோட்டா நகரிலே, 1978 இல் குறைமாதக் குழந்தைகளுக்கு வெப்பமூட்டும் பெட்டிகள் போதாமற் போயின. எட்கார் ரே என்ற வைத்தியர் அக்குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல்படச் சேர்த்துக் கட்டச் செய்தார். கங்காரு முறை எனப்படும் அதனை இன்று உலகமே மேற்கொள்ளுகின்றது.

நாம் கண்ட அத்தம்பதியரின் கதையும் அவ்வாறே முடிந்தது. மருத்துவமாது வந்தார், அருகே அமர்ந்து, பிள்ளையை மார்பில் அணைக்கும் விதத்தைத் திருத்தினார், நிறை நிறுத்துச் சுகாதாரப் பதிவேட்டிற் குறித்தார். அயல்வீட்டுச் சிங்கள அம்மையார் ஒருவர் தினமும் சோறும் கறியும் கொண்டுவந்து, ஒரு மணிநேரம் பிள்ளையைத் தோளில் வைத்திருந்தார். அந்த ஒரு மணிநேரம் தாய் உறங்கினாள். தந்தை நாப்பி தோய்க்கப் பழகினார். பத்து நாளில் அவ்வீட்டின் முகமே மாறிற்று. ஆனால் ஈடு வைத்த காப்புகள் இன்னும் மீளவில்லை. அந்த அம்மையார் செய்ததைச் செய்ய எமது சங்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்ற வெட்கமும் எம்மை விட்டு நீங்கவில்லை.

ஆதலால் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

ஒன்று: சங்க மண்டபத்திலே ஓர் அலுமாரி ஒதுக்குக. பிள்ளை வளர்ந்துவிட்ட வீடுகளில் முடங்கிக் கிடக்கும் நல்ல விரிப்பு, சட்டை, பேசின், நுளம்பு வலை ஆகியவற்றைத் தோய்த்து, வெயிலில் உலர்த்தி அங்கே சேர்ப்போம். பிள்ளை பிறந்த வீட்டுக்கு அவை செல்லட்டும். தேவை தீர்ந்ததும் திரும்பட்டும். ஏழைக்கு மட்டும் என்று வைத்தால் வாங்குவோர் கூசுவர். ஆகையால் பின்லாந்தைப் போல எல்லாருக்கும் என்றே வைப்போம். தலைவர் வீட்டுப் பேரப்பிள்ளையே முதலிற் பெறட்டும்!

இரண்டு: துடக்கு நாள் முப்பத்தொன்று. எமது அங்கத்தவர் வீடுகளில் முப்பத்தொரு வீடு சேர்ந்தால், வீட்டுக்கு ஒருநாட் சோறு. துடக்கு வீட்டில் உண்ணத் தயங்குவோர் உண்டு. துடக்கு வீட்டுக்குக் கொடுக்கத் தடையேது? இளைஞராகிய நாம் அதனைச் சைக்கிளிற் கொண்டு சேர்ப்போம், மருந்து வாங்குவோம், கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வோம். தாயின் முகவாட்டம் இரண்டு வாரத்திற்கு மேலும் நீடித்தால் அதனைச் சோம்பல் என்று ஏசாது, மருத்துவமாதிடமோ வைத்தியரிடமோ சொல்லுவோம். அது மருந்துள்ள நோய்.

மூன்று: பிள்ளை பார்க்கப் போவோர் பொம்மை கொண்டு போகாது, சோறு கொண்டு போவார்களாக. கை கழுவித் தொடுவார்களாக. தடிமனும் இருமலும் உள்ளோர் வாழ்த்தைத் தொலைபேசியிலே சொல்லுவார்களாக.

தாய்மார்களே, எமக்கு அனுபவம் இல்லை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டோம். அனுபவம் உங்களிடம் இருக்கின்றது. ஓடியாடும் கால்கள் எங்களிடம் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் வத்தளையிலே ஒரு தாயும் பிள்ளை பெற்ற வீட்டிலே பசியோடு அழமாட்டாள். ஒரு பிள்ளைக்காகவும் காப்பு ஈடு போகாது.

அறுவர் கையில் வளர்ந்த ஆறுமுகப் பெருமான் திருவருள் எம் குழந்தைகள் அனைவரையும் காக்குமாக.