அழுத்தும் முன் ஒரு வார்த்தை



பேரியம் கரைப்பதையும், ஐ.வி.பி. படத்துக்கு நேரம் கணக்கிடுவதையும் வகுப்பில் படித்தோம். ஆனால் அயோடின் ஊசிக்கு முன், "ஆஸ்துமா இருக்குதுங்களா? முன்னே எந்த மருந்தாவது ஒத்துக்காம போச்சுங்களா?" என்று கேட்பதும், கிரியாட்டினின் பார்ப்பதும் நோயாளிகளிடையேதான் பழக்கமாயிற்று.

பயிற்சிக் காலத்தில், எங்கள் நாமகிரிப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா, மஞ்சள் வேகவைக்கும் கூலியை ஒரு நாள் விட்டுவிட்டு, மேமோகிராம் எடுக்க வந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் தட்டை இறக்கினேன். "என்ன கண்ணு இப்படி நசுக்கறே!" என்று உடம்பை இழுத்துக்கொண்டார். படம் கலங்கிவிட்டது. மறுபடி எடுக்க மறுத்துப் போய்விட்டார்.

மூத்த அக்கா ஒருவர் பேசி, அடுத்த வாரம் அவரை வரவழைத்தார். "கொஞ்ச நேரம் அழுத்துமுங்க. தாங்கலைன்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்" என்றார். அந்த அம்மா அசையவே இல்லை. முதல் படத்தில் தெரியாத நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிந்தன. சிகிச்சை தொடங்கியது. நன்றாக இருக்கிறார்.

அழுத்தினால் திசு பரவும், அசைவு நிற்கும், கதிர்வீச்சும் குறையும். பக்கத்துக்கு இரண்டு படம்: மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று. அக்குளில் பவுடர் கூடாது. அதுவும் புள்ளியாகத் தெரிந்து ஏமாற்றும். இவை பாடத்தில் உண்டு.

சென்னை பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934-இல் திறந்தது. அன்றிலிருந்து கருவிகள் எத்தனையோ மாறிவிட்டன. படுக்கையில் ஏறுகிறவரின் பயம் அப்படியேதான் இருக்கிறது. தம்பி தங்கைகளே, பொத்தானைத் தொடுமுன் அவரிடம் பேசுங்கள்.