பாம்படம் மறைந்த வரலாறு



தாமிரபரணிக் கரையில் ஒரு பழைய வழக்கம் எவ்வாறு மறைந்தது என்பதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இன்னும் மறையாத வேறொரு கொடிய வழக்கத்தை விளங்கிக்கொள்ள அது துணை செய்யும்.

திருநெல்வேலிச் சீமையின் பல சமூகங்களில், பெண்ணுக்குச் சிறு குழவிப் பருவத்திலேயே காது குத்துவர். துளையில் பஞ்சைத் திணிப்பர். நாளாக நாளாகப் பஞ்சின் பருமனைக் கூட்டுவர். பின்னர் ஓலைச்சுருள் செருகுவர். அதன்பின் ஈய வளையங்களை மாட்டுவர். பாரம் ஏற ஏறக் காதின் மடல் தோளை நோக்கி நீளும். அவ்வாறு வளர்த்த காதில்தான் பாம்படமும் தண்டட்டியும் ஏறும். புண்ணில் சீழ் கோத்துக் குழந்தைகள் துடித்ததுண்டு. இழுபட்ட மடல் அறுந்ததும் உண்டு.

பெற்ற தாயே இதனைச் செய்வித்தாள். அவள் மனம் கல்லா? அன்று. காது வளராத பெண்ணைக் கொள்வார் இல்லையே என்னும் அச்சமே அவளை அவ்வாறு செய்வித்தது. தன் ஒரு மகளை மட்டும் விட்டுவிட்டால், அவள் மணமின்றி நிற்பாளே! ஆகவே, வலியை அறிந்தவளே வலியைத் தந்தாள். வழக்கத்தின் முடிச்சு இங்கேதான் இருந்தது.

இம்முடிச்சு எவ்வாறு அவிழ்ந்தது? அரசாங்கத்தின் ஆணை ஒன்றினால் அன்று. 19ஆம் நூற்றாண்டில் பாளையங்கோட்டையிலும் சுற்றுப்புறங்களிலும் பெண்கள் பள்ளிகள் எழுந்தன. 1895ஆம் ஆண்டில் சாரா டக்கர் கல்லூரி தோன்றியது. படித்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து, காதை நீட்டாமலும் மதிப்போடு வாழலாம் என்று கண்டனர். மணமகன் வீட்டாரும் மெல்ல மனம் மாறினர். பெண் கொள்வோர் கேட்பதை நிறுத்தியபின், பெண் பெற்றோர் வளர்ப்பதை நிறுத்தினர். என் பாட்டியார் பாம்படம் அணிந்தவர். என் தாயார் தோடு அணிந்தவர். ஒரு தலைமுறைதான் இடைவெளி! முதியோர் சிலர் மருத்துவரிடம் சென்று மடலை அறுத்துத் தைத்துக்கொண்டனர். பாம்படத்தை உருக்கிப் பேத்திக்கு நகை செய்தனர்.

இனி, மறையாத வழக்கத்திற்கு வருவோம். பெண் குழந்தையின் பிறப்புறுப்பில் ஒரு பகுதியை, மருத்துவக் காரணம் யாதுமின்றி, வெட்டும் வழக்கம் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நாடுகளில் உண்டு. இதற்கு உள்ளானோர் 23 கோடிக்கும் மேற்பட்டோர் என யுனிசெப் நிறுவனம் 2024இல் கணித்தது. குருதிப்போக்கு, நோய்த்தொற்று, பேறுகாலத் துன்பம், ஏன், உயிரிழப்பும்கூட இதனால் நேரும். காது வளர்த்தலை இதற்கு இணையாகச் சொல்ல மாட்டேன். இதன் கொடுமை மிகப் பெரிது. ஆயினும் தாயின் அச்சம் ஒன்றே.

ஒரு வேறுபாடும் உண்டு. நீண்ட காது ஊரறியத் தெரிவது. இதுவோ மறைவில் நடப்பது. பேசப்படாத துன்பம் நெடுநாள் வாழும். நம் நாட்டில் தாவூதி போரா சமூகத்தில் ஏறத்தாழ 7 வயதுச் சிறுமியர்க்கு இது செய்யப்படுவதை, அதற்கு உள்ளான பெண்களே வெளிப்படுத்திப் பேசத் தொடங்கினர். 2017இல் வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. மறு ஆண்டு பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அந்தப் பெண்களின் துணிவு போற்றத்தக்கது.

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் என்றொரு நாடு உண்டு. அங்கே மாலிகுண்டா பம்பாரா என்னும் சிற்றூரின் பெண்கள், டோஸ்டான் என்னும் அமைப்பின் வகுப்புகளில் உடல்நலமும் மனித உரிமையும் கற்றனர். 1997 ஜூலை 31 அன்று இவ்வழக்கத்தைக் கைவிடுவதாக ஊரறிய அறிவித்தனர். அண்டை ஊரின் இமாம் டெம்பா டியாவரா ஓர் உண்மையை எடுத்துரைத்தார்: எங்கள் பிள்ளைகள் பல ஊர்களில் பெண் கொண்டு கொடுக்கிறார்கள், ஓர் ஊர் மட்டும் விலகினால் அவ்வூர்ப் பெண்கள் தனித்து நிற்பார்கள் என்பதே அது. அவர் உறவினர் வாழும் ஊர்தோறும் நடந்து சென்று பேசினார். 1998இல் 13 ஊர்கள் ஒன்றாக உறுதி பூண்டன. 1999இல் அரசு சட்டம் இயற்றியது. அந்நாட்டில் வழக்கம் அடியோடு அழிந்துவிடவில்லை. ஆயினும் வழி தெரிந்தது.

அறியாதார் என்று தாயரை இகழ்வதால் எந்த வழக்கமும் ஒழியாது. இகழ்ந்தால் அவர்கள் கதவைச் சாத்திக்கொள்வர். கதவுக்குள் வழக்கம் வாழும். சட்டம் வேண்டும், அது குழந்தையைக் காக்கும் வேலி. ஆனால் பெண் கொடுப்போரும் கொள்வோரும் கூடி, “இனி இது வேண்டா” என்று சொல்லும்போதுதான் தாயின் அச்சம் தீரும்.

மாணவர்களே, நாளை மணம் பேசும் வீட்டில் அமரப்போகிறவர்கள் நீங்கள். இளைஞர்களே, பெண்ணின் உடலை வருத்தும் எதனையும் எங்கள் வீடு கேட்காது என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். பெண் பெற்றவர்கள் அச்சொல்லுக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.