பிள்ளையைத் தனியே நிற்க விடாதீர்கள்

மாத்தளைப் பெரியோர்களே, தாய்மாரே, பல்கலைக்கழகம் போகக் காத்திருக்கும் தம்பி தங்கைகளே!

"உங்கட பின்னணிக்குச் சிறப்புக் கற்கை சரிவராது, பொதுப் பட்டத்தோட நின்றுகொள்ளுங்கோ." விண்ணப்பப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் இப்படிச் சொல்லும் விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். கேட்ட பிள்ளை என்ன செய்கிறது? படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைக்கிறது. அந்தியில் ரத்தோட்டைப் பக்கத்து லயத்துக்குக் கோல் எடுத்து, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மாவிடம் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்கிறது. படித்த குடும்பத்துப் பிள்ளையென்றால் மறுநாளே மாமாவோ அண்ணனோ போய் விசாரிப்பார். நம் பிள்ளைக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆளே அதுதானே!

"உள்ளதைத்தானே சொன்னார்" என்று நம்மவர்களே வக்காலத்து வாங்குகிறார்கள். நான் ஒப்பமாட்டேன். எழுதியதைப் படித்து, குறை இங்கே, இப்படித் திருத்து என்று எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் தலைவணங்கிக் கேட்போம். லயத்து விலாசத்தைப் பார்த்துச் சொன்னால் கேட்கமாட்டோம். 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பிள்ளைகளை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க 1970கள் ஆயிற்று. நாடு செய்த தாமதத்துக்குப் பிள்ளையின் மூளையைக் குற்றம் சொல்வதா?

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக் கேம்பிரிட்ஜ் போன சந்திரசேகரை எண்ணிப் பாருங்கள். 1935 ஜனவரி 11ஆம் திகதி, லண்டன் அரச வானியல் கழகத்தில், நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிய தன் கணக்கை 24 வயதில் முன்வைத்தார். அடுத்துப் பேசிய பேராசிரியர் எடிங்டன் சபை சிரிக்க அதைத் தூக்கி எறிந்தார். அதுவரை சந்திரசேகரின் அறைக்கே வந்து கணக்கு எதுவரை வந்தது என்று விசாரித்தவரும் இதே எடிங்டன்தான்! ஆனால் எனக்கு மற்றவர்கள் மேல்தான் அதிகக் கோபம். சந்திரசேகர் பக்கமே நியாயம் என்று தனியே ஒப்புக்கொண்ட பெரிய பௌதிகவியலாளர்கள் வெளியே வாய் திறக்கவில்லை. அவரும் அந்த ஆய்வை ஒரு நூலில் எழுதி வைத்துவிட்டு வேறு ஆய்வுக்குப் போனார். நோபல் பரிசு வர 1983 ஆயிற்று. அத்தனை பெரிய அறிவாளிக்கே துணைக்கு ஒரு குரல் தேவைப்பட்டது.

தம்பி தங்கைகளே, மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் துறைத் தலைவருக்கு எழுதுங்கள், பிறகு பீடாதிபதிக்கு. பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். கேட்ட தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்துச் சொல்லியாக வேண்டும்.

பட்டம் பெற்று இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் ஆசிரியர்களே, உத்தியோகத்தர்களே! உங்களையும் ஒருவர் இப்படித் தட்டிவிட்டிருப்பார், பொறுத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். பிள்ளைகளுக்கும் பொறுமையையே போதிக்காதீர்கள். கூட்டம் முடிந்ததும், படித்த துறையையும் தொலைபேசி இலக்கத்தையும் வாசலில் உள்ள கொப்பியில் எழுதிவிட்டுப் போங்கள். பிள்ளைகள் உங்களுக்குக் கோல் எடுப்பார்கள்.