சிறு தோட்டத்தில் இளஞ்சிவப்பு ரோஜா

(உழவர் பயிற்சி முகாமில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் உழவியல் துறையைச் சேர்ந்தவன். நெல்லும் சோளமும் பயறும்தான் எனக்குப் பழக்கமான பயிர்கள். ரோஜாவைப் பற்றி நான் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். புத்தகத்தில் படித்ததைவிட, என் வீட்டு வாசலில் பட்டுத் தெரிந்துகொண்டதையே இன்று அதிகம் சொல்லப் போகிறேன்.

வாசற்புறத்திலோ கிணற்றடியிலோ பத்தடிக்கு ஐந்தடி இடம் இருந்தால் ஆறு ரோஜாச் செடிகள் வைக்கலாம். ஆனால், "காசு கொடுத்து வாங்கினேன், முதல் வருடம் நன்றாகப் பூத்தது, பிறகு செடி மாறிவிட்டது" என்று சொல்லுகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். செடி மாறுவதில்லை. நாம்தான் கவனிக்காமல் வேறு செடியை வளர்த்துவிடுகிறோம். அதை விளக்குவதே இந்த உரையின் நோக்கம்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் ஆசைப்பட்டார் என்று, தெருவில் செடி விற்று வந்த ஒரு பெரியவரிடம் மூன்று இளஞ்சிவப்பு ரோஜாக் கன்றுகள் வாங்கி வைத்தேன். முதல் ஆண்டு நல்ல பூ. இரண்டாம் ஆண்டு ஒரு செடியில் அடியிலிருந்து தளதளவென்று ஒரு கிளை கிளம்பியது. மகிழ்ச்சியோடு மேலும் உரம் வைத்தேன். அது ஆள் உயரம் வளர்ந்தது. ஒரு மொட்டுக்கூட வரவில்லை. பழைய கிளைகளோ ஒவ்வொன்றாகக் காய்ந்தன. அடுத்த முறை அந்தப் பெரியவர் வந்தபோது, போலிச் செடியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டதாகக் கோபித்துக் கொண்டேன்.

அவர் பதில் பேசாமல் குனிந்து, அடி மண்ணைக் கையால் விலக்கினார். காய்ந்து கொண்டிருந்த சிறு கிளையைக் காட்டி, "சார், நான் கொடுத்தது இது" என்றார். உயர்ந்த கிளையைக் காட்டி, "நீங்கள் உரம் போட்டு வளர்த்தது இது" என்றார். முதுநிலைப் பட்டம் பெற்ற எனக்கு அன்று அவர் முன் தலைநிமிர முடியவில்லை.

நெல் வயலில் குதிரைவாலிப் புல்லை நாற்று என்று நினைத்து உரமிட்டவன் நிலையில் நான் இருந்தேன்.

ஒட்டும் வேர்ச்செடியும்

நாம் வாங்கும் பெரிய பூ ரோஜாக்களில் பெரும்பாலானவை 'ஹைப்ரிட் டீ' என்னும் வகையைச் சேர்ந்தவை. காம்புக்கு ஒரு பூ, நீண்ட மொட்டு, ஆண்டில் பல முறை பூக்கும் குணம் ஆகியவை இதன் அடையாளங்கள். பிரான்சு நாட்டின் லியோன் நகரில் கியோ என்பவர் 1867-இல் வெளியிட்ட 'லா பிரான்ஸ்' இவ்வகையின் முதல் இரகமாகக் கொள்ளப்படுகிறது. அதுவும் இளஞ்சிவப்பே. நம் நாட்டில் கோதுமை ஆராய்ச்சியில் புகழ் பெற்ற டாக்டர் பி.பி. பால் அவர்கள் ரோஜாவிலும் பல இரகங்களை உருவாக்கினார். நம் நாட்டு இரகமான 'மிருணாளினி' இளஞ்சிவப்பு நிறமுடையது.

இவற்றைத் தனி வேரில் வளர்ப்பது குறைவு. வலுவான வேருள்ள வேறொரு ரோஜாவின் தண்டில் கண் ஒட்டுக் கட்டியே விற்கிறார்கள். ஆகவே நீங்கள் வாங்குவது ஒரு செடி அல்ல, இரண்டு செடி. ஒட்டு மாங்கன்றில் ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளிவிடுகிறோம் அல்லவா? ரோஜாவிலும் அதே கதைதான். ஒட்டுக்குக் கீழிருந்து வரும் சிம்பு வேர்ச்செடியினுடையது. அதை விட்டால் வேர் எடுக்கும் சத்தெல்லாம் அதற்கே போய், மேலே உள்ள நல்ல செடி பட்டுப்போகும்.

ஏழு சிற்றிலை இருந்தால் சிம்பு, ஐந்து இருந்தால் நல்ல கிளை என்று சிலர் சொல்லுவார்கள். இதை மட்டும் நம்ப வேண்டாம். நல்ல கிளையிலும் ஏழு சிற்றிலை வருவதுண்டு. கிளை எங்கே பிறக்கிறது என்று பார்ப்பதே சரியான சோதனை. தண்டின் அடியில் முடிச்சுப் போலத் தடித்திருப்பது ஒட்டு. அதற்கு மேலே பிறந்தால் நம்முடையது. கீழே பிறந்தால் களை.

சிம்பைத் தரைமட்டத்தில் கத்தரிக்கக் கூடாது. அடியில் தங்கும் கணுக்களிலிருந்து ஒன்றுக்கு மூன்றாகக் கிளம்பும். மண்ணை விலக்கி, பிறந்த இடத்தில் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்து அடியோடு பிய்த்துவிட வேண்டும். மாதம் இருமுறை இதைப் பார்த்தால் போதும்.

இரகமும் நடவும்

சிறு இடத்துக்கு, மூன்றடிக்கு மேல் போகாத குட்டையான, அடர்ந்த இரகமாகக் கேட்டு வாங்குங்கள். 'குயீன் எலிசபெத்' போன்ற இளஞ்சிவப்பு இரகங்கள் அழகானவை. ஆனால் ஆள் உயரத்துக்கு வளரக் கூடியவை. அவை வேலி ஓரத்துக்கே ஏற்றவை.

காலை வெயில் விழும் இடம் சிறந்தது. நீர் தேங்கும் இடமும் உப்புத் தண்ணீரும் ரோஜாவுக்கு ஆகா. ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணுடன் மக்கிய தொழு உரம் 10 கிலோ கலந்து நிரப்ப வேண்டும். குட்டை இரகங்களுக்குச் செடிக்குச் செடி இரண்டரை அடி போதும். பாலிதீன் பையைக் கிழித்து எடுத்துவிட்டே நட வேண்டும். ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே இரண்டு விரற்கடை தெரிய வேண்டும். அதைப் புதைத்துவிட்டால் சிம்பு எது, கிளை எது என்று பின்னால் கண்டுபிடிக்க முடியாது.

கவாத்து

சிம்பை எடுக்காததற்கு அடுத்த பெரிய தவறு, கவாத்துச் செய்யப் பயப்படுவது. ரோஜா புதுத் தளிரின் நுனியில் பூப்பது. பழைய குச்சிகளையே வைத்திருந்தால் பூ சிறுத்துக்கொண்டே போகும்.

சமவெளியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழை விட்ட ஒரு நாளில் கவாத்துச் செய்யலாம். காய்ந்த, நோயுற்ற, ஒன்றோடொன்று உராயும் குச்சிகளை முதலில் நீக்குங்கள். திடமான நான்கைந்து கிளைகளை மட்டும் நிறுத்தி, ஒன்று முதல் ஒன்றரை அடி உயரத்தில், வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள்.

வெட்டுவாயில் போர்டோ பசை தடவினால் நுனிக்கருகல் தாக்காது. சில செடிகளுக்கு மயில்துத்தம் 10 கிராம், நீற்றாத சுண்ணாம்பு 10 கிராம், தண்ணீர் 100 மி.லி. போதும். துத்தத்தையும் சுண்ணாம்பையும் பாதிப் பாதித் தண்ணீரில் தனித்தனியே கரைத்துப் பின்பு கலக்க வேண்டும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. தீட்டிய கத்தியை நனைத்து எடுத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

கவாத்துச் செய்த ஆறு, ஏழு வாரங்களில் பூ வரும். பொங்கலுக்குப் பூ வேண்டுமானால் நவம்பர் கடைசியில் வெட்ட வேண்டும். அந்தப் பெரியவர் காட்டிக் கொடுத்த பிறகு, நான் சிம்பைப் பிய்த்துவிட்டு, எஞ்சியிருந்த ஒரே கிளையையும் பாதியாக வெட்டினேன். "பச்சைச் செடியை இப்படி வெட்டுகிறாயே" என்று என் தாயார் இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. பொங்கலன்று அதில் நான்கு பூக்கள். அவரே பறித்துச் சாமி படத்துக்கு வைத்தார். இப்போது கவாத்துக்கு நாள் குறித்துக் கொடுப்பவர் அவர்தான்.

உரமும் நீரும்

கவாத்துக்குப் பிறகு ஒரு முறையும் ஜூலையில் ஒரு முறையும், செடிக்குத் தொழு உரம் 10 கிலோவும், தழைச்சத்து 6, மணிச்சத்து 12, சாம்பல்சத்து 12 கிராமும் இட வேண்டும். கடைச் சரக்காகச் சொன்னால் யூரியா 13 கிராம், சூப்பர் பாஸ்பேட் 75 கிராம், பொட்டாஷ் 20 கிராம். தண்டை ஒட்டிப் போடாமல் அரை அடி தள்ளி இட்டு, மண்ணால் மூடி நீர் ஊற்றுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் பூ சிறுத்து நிறம் வெளுக்கும். அது நோயன்று; அப்போது அதிக உரம் வைக்காமல், அடியில் சருகு மூடாக்கு இட்டு ஈரம் காத்தால் போதும்.

பூச்சி, நோய்

இலைப்பேனுக்கும் மாவுப்பூச்சிக்கும் லிட்டருக்கு 30 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். தண்டில் ஒட்டிய செதில் பூச்சியை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். கந்தகத்துக்கும் எண்ணெய்த் தெளிப்புக்கும் இடையே இரண்டு வாரம் விட வேண்டும். இல்லையேல் இலை கருகும். கரும்புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி எரித்து, தண்ணீரை இலைமேல் படாமல் அடியில் ஊற்றி வந்தால் நோய் பெரிதும் கட்டுப்படும்.

முடிவாக ஒன்று. ஆறு செடியால் யாரும் பணக்காரர் ஆகிவிட முடியாது. ஆனால் வாங்கிய செடி வீணாகாமல் பல ஆண்டு பூக்கும். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் ரோஜாச் செடியின் அடி மண்ணைச் சற்று விலக்கிப் பாருங்கள். உரம் யாருக்குப் போகிறது என்று தெரிந்துவிடும்.