இராமாநுஜன் அட்டவணையில் விடுபட்ட எண்

(வவுனியாவில் வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



சூடடித்து முடிந்த களத்திலே அறுபது மூடை நெல் இருக்கின்றது என்று கொள்வோம். பங்காளர் இருவராயினும், மூவர், நால்வர், ஐவர், அறுவராயினும் மூடை பிரிக்காமற் பங்கிடலாம். பதின்மர், பன்னிருவர் வந்தாலும் மீதியில்லை. அறுபத்தொரு மூடையாயின்? ஒருவரே முழுவதையும் கொள்ளவேண்டும். அன்றேல் அறுபத்தொருவர் வேண்டும். 60ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள், அதாவது அதன் காரணிகள், பன்னிரண்டு. அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. நாளொன்றை 60 நாழிகையாகவும், நாழிகையை 60 விநாழிகையாகவும் நம் முன்னோர் வகுத்தது எத்துணை வசதியானதென்பது இதனால் விளங்கும்.

தன்னிற் சிறிய எல்லா எண்களையும் காரணித் தொகையில் வெல்லும் இத்தகைய எண்களை ஆராய்ந்தவர் சீனிவாச இராமாநுஜன். 1887இல் ஈரோட்டிற் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞராயிருந்தவர். 1914இல் கேம்பிறிட்ஜ் சென்றார். மறு ஆண்டு இலண்டன் கணிதச் சங்க வெளியீட்டில் இவ்வெண்களைப் பற்றிய அவரது நீண்ட கட்டுரை வந்தது. அதனாலேயே 1916இல் பட்டமும் பெற்றார். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என ஏறிச்செல்லும் அவரது அட்டவணை 6,746,328,388,800 வரை போகின்றது. கணினி இல்லாத காலம், அனைத்தும் கைக்கணக்கு.

நூற்றுக்கு மேற்பட்ட அவ்வெண்களுள் ஒன்றே ஒன்று விடுபட்டது: 293,318,625,600. இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு! 2ஐ ஆறு முறையும், 3ஐ நான்கு முறையும், 5ஐயும் 7ஐயும் இவ்விரு முறையும், 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பெருக்கினால் இவ்வெண் வரும். காரணியொன்றை அமைக்கும்போது 2ஐ எடாது விடலாம், அல்லது ஆறு முறை வரை எடுக்கலாம். ஆக ஏழு வழி. 3க்கு ஐந்து வழி. 5க்கும் 7க்கும் மும்மூன்று. ஏனைய நான்கிற்கும் இவ்விரண்டு. பெருக்கினால் 5,040 காரணிகள்.

5,040 தானும் அவ்வட்டவணையில் உள்ள எண். அதன் காரணிகள் 60. நமது நாழிகைக் கணக்கின் அறுபதே! 60க்கு 12, 12க்கு 6, 6க்கு 4. எல்லாம் அட்டவணை எண்களே. இன்னும், விடுபட்ட எண்ணை 23ஆற் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண் வருகின்றது. விடுபட்டது கடைசி எண்ணுக்குள்ளேயே மறைந்திருந்தது.

நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளே தமக்குக் கணிதத்தைக் காட்டியதென இராமாநுஜன் நம்பினார். அதை நாம் மேடைதோறும் சொல்கின்றோம். அவர் சிலேட்டுத் தேயக் கணக்கிட்டதைச் சொல்ல மறக்கின்றோம். கேட்கும் மாணவனோ, 'எனக்கு அவ்வருள் இல்லை' என்று கொப்பியை மூடிவிடுகின்றான். விடுபட்ட எண் அவனுக்கு வேறொன்று சொல்லும்: இவ்வட்டவணை மனிதக் கை ஒவ்வோரெண்ணாய் உழைத்துச் செய்தது. முப்பத்திரண்டே ஆண்டுகள் வாழ்ந்து 1920இல் மறைந்தவரின் உழைப்பு அது.

பெரியோர்களே, சரிபார்ப்பது அவமதிப்பன்று. ஊன்றிப் படித்தோரே அவ்விடைவெளியைக் கண்டனர். அதனால் அவர் புகழ் குறையவில்லை. பிள்ளைகள் நம் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் மகிழ்வோமாக.

வாலிபர்களே, அட்டவணையில் 60க்கு அடுத்த எண் எது? 61இலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு கொப்பியும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.