பூர்வீக வீட்டைச் சூழ்ந்த முட்புதர்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!



இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்களில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடுகள் பல. பிள்ளைகள் வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்க, கொல்லையில் சீமைக் கருவேலம் மண்டிக் கிணற்றை மறைக்கிறது. மதிலைத் தாண்டிச் சந்தில் முள் நீட்டுகிறது. 'நம் நிலம், நம் மரம்' என்று நாம் இருந்துவிட முடியுமா?

பாதையில் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். மக்களுக்கு இடையூறாயிருந்த மரத்தை வெட்டிய ஒருவர் சுவனத்தில் உலவக் கண்டதாகவும் கூறினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. வழியில் நின்ற மரத்தை வெட்டியவருக்கே இந்தச் சிறப்பு என்றால், நம் வீட்டு முள் அண்டை வீட்டுக் குழந்தையின் காலைக் கிழித்தால், அங்கு அடையும் பாம்பு அவர்கள் வீட்டினுள் நுழைந்தால், மறுமையில் நாம் என்ன பதில் சொல்வோம்?

ஆயினும், மரம் நடுவதைத் தர்மமாக்கிய மார்க்கம் இது. மூதாதையர் வைத்த வேம்பையும் தென்னையையும் புதரோடு சேர்த்து வீழ்த்திவிடாதீர்கள்.

வெட்டுமுன் வாரிசுகள் அனைவரின் சம்மதத்தையும் பெறுங்கள். கருவேல விறகு கரிமூட்டத்திற்கு விலைபோகும். அந்தப் பணத்தில் மணமுடித்துச் சென்ற சகோதரிகளுக்கும் பங்குண்டு. 'வெறும் விறகுதானே' என்று அவர்களது ஹக்கை விழுங்குவது, முள்ளை அகற்றி நெருப்பைச் சேர்ப்பதாகும்.

குஞ்சுகளுள்ள கூடு இருந்தால் அவை பறக்கும்வரை அந்தக் கிளையை விட்டுவையுங்கள். குஞ்சுகளைப் பறிகொடுத்த பறவை தவித்தபோது அவற்றைத் திருப்பித் தருமாறு நபியவர்கள் பணித்தார்கள். எறும்புப் புற்று எரிக்கப்பட்டதையும் கண்டித்தார்கள். இரண்டும் அபூதாவூதில் ஒரே அறிவிப்பில் வருகின்றன. எனவே, புதருக்குத் தீ வைக்காதீர்கள்.

வெட்டினால் மட்டும் போதாது. இம்மரம் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆடுமாடுகளின் சாணத்தின் வழியே விதை பரவும். வேரோடு தோண்டி எடுங்கள். மழைக்குப்பின் முளைக்கும் கன்றுகளையும் பிடுங்குங்கள். வெற்றிடத்தில் நிழல் தரும் மரமொன்றை நடுங்கள்.

உறவுகளுக்கிடையே மண்டியுள்ள மனக்கசப்பும் இத்தகையதே. பாகப் பிரிவினையைத் தள்ளிப்போடத் தள்ளிப்போட அதுவும் வேரூன்றும். வீட்டைத் துப்புரவாக்கக் கூடும் நாளிலேயே அதையும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பிறருக்குத் தொல்லை தராத இல்லங்களையும், உரியவரின் உரிமையை ஒப்படைக்கும் உள்ளங்களையும் வல்ல ரஹ்மான் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.