ஒரு விநாடிப் பாடம்



மோட்டார்ப் பந்தயம் செல்வர்தம் பொழுதுபோக்கு என்றே நாம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியது, ‘எஃப்1 இன் ஸ்கூல்ஸ்’ என்னும் பெயரில் இங்கிலாந்தில் தோன்றிய மாணவர் போட்டி. 2005-இல் இதற்கு உலக இறுதிச் சுற்றும் தொடங்கிற்று.

மாணவர் சிலர் குழுவாகக் கூடி, கணிப்பொறியில் வரைபடம் தீட்டி, சிறு கட்டையொன்றை இயந்திரத்தில் செதுக்கிக் கார் செய்கின்றனர். அதன் பின்புறத்தில் 8 கிராம் கரியமில வாயு அடைத்த குப்பி. வாயு பின்னோக்கிச் சீற, கார் முன்னோக்கிப் பாய்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி கண்முன்னே ஓடுகிறது! 20 மீட்டர் பாதையைக் கடக்க ஏறத்தாழ 1 விநாடியே ஆகிறது. அதனை விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கின்றனர்.

கார் பிந்தியதேன்? எடையா, அச்சின் உராய்வா, காற்றின் தடையா? ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் ஓட்டி அளந்தாலன்றி விடை கிட்டாது. விதியை மனப்பாடம் செய்தால் மட்டும் இங்கு வெல்ல இயலாது. விரைவும் தனியே போதாது. செய்த முறையை ஏட்டில் எழுதி, நடுவர் முன் எடுத்துரைக்கவும் வேண்டும்.

அன்பர்களே! ரயில்வே அலுவலகத்தில் வண்டி பிந்தினால் காரணத்தை ஏட்டில் குறிக்கும் நாம், வீட்டில் பிள்ளை பிந்தினால் காரணம் தேடாமல் கடிந்துகொள்கிறோம். இனியேனும், “எதை அளந்தாய்? எதை மாற்றிப் பார்த்தாய்?” என்று கேட்போமாக!